பெயர் காத்த பெண்மணிகள்

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் நாம் எளிதில் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. எபிரேயரின் ஆண் குழந்தைகளைப் பிறக்கும்போதே கொன்றுவிடுமாறு எகிப்து மன்னன் ஆணையிடுகிறான். மருத்துவச்சியர் இருவர் கடவுளுக்கு அஞ்சி, அவ்வாணையை மீறிக் குழந்தைகளை வாழ விடுகின்றனர். சிப்ரா, பூவா என்று அவ்விருவரின் பெயர்களையும் வேதநூல் குறித்து வைத்திருக்கிறது. மன்னனையோ பார்வோன் என்ற பட்டப்பெயரால் மட்டுமே அது சுட்டுகிறது. அவனது சொந்தப் பெயர் அங்கே இடம்பெறவில்லை. உலக ஏடுகளில் அரசரின் பெயர் நிலைக்கும், மருத்துவச்சியின் பெயர் மறையும். ஆண்டவரின் ஏட்டில் அது மாறி நிற்கிறது.

போர்க்காலத்தில் பெண்கள் ஆற்றும் பணியை எண்ணும்போதெல்லாம் இவ்விரு பெயர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. எபிரேயக் குழந்தைகளுக்கு மீண்டும் ஒரு பார்வோன் தோன்றிய இரண்டாம் உலகப் போரின்போது, போலந்து நாட்டில் சிப்ராவும் பூவாவும் பலராகத் தோன்றினர். அவர்களுள் சிலரை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

மதிலுக்குள் பிள்ளைகள்

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் வார்சா நகரத்து யூதர்கள் அனைவரும் மதில் சூழ்ந்த ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கே பசியாலும் நோயாலும் வாடினர். 1942 ஜூலையில் தொடங்கி இரண்டே மாதங்களுக்குள் அவர்களில் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்கு இரயில் ஏற்றப்பட்டனர். யூதருக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்ற சட்டம் அதற்கு முந்திய ஆண்டே பிறந்திருந்தது.

அந்நாளில் மௌனம் காப்பவர் கொலைக்கு உடந்தையாவர் என்று இரகசியத் துண்டறிக்கை எழுதியவர் சோஃபியா கொசாக் என்னும் கத்தோலிக்க எழுத்தாளர். ஓர் உண்மையை இங்கே மறைத்தல் தகாது. யூதர்மீது அவருக்கு நெடுநாளாகக் கசப்பு இருந்தது. அத்துண்டறிக்கையிலும் அதை அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் அயலான் கொல்லப்படும்போது விசுவாசி வாளாவிருத்தல் ஆகாது என அவரது மனச்சான்று உரைத்தது. வாந்தா கிராகெல்ஸ்கா என்னும் மற்றொரு பெண்மணியோடு இணைந்து அவர் தொடங்கிய உதவிக் குழுவே, 1942 டிசம்பர் முதல் 'ஜெகோட்டா' என்ற பெயரில் யூதருக்கு உதவிய இரகசிய இயக்கமாக வளர்ந்தது. தன் உள்ளத்துக் கசப்பு முழுதும் தீரும்வரை நற்செயலுக்குக் காத்திராத பெண்மணி அவர்.

அவ்வியக்கத்தின் குழந்தைகள் பிரிவைப் பின்னர் ஏற்று நடத்தியவர் ஐரீனா சென்ட்லர். நகராட்சியின் சமூகநலப் பணியாளரான அவர், டைபஸ் காய்ச்சல் பரவாமல் கண்காணிப்பவர் என்ற அனுமதிச்சீட்டோடு மதிலுக்குள் சென்று வந்தார். அவரும் அவருடைய தோழியரும் குழந்தைகளை மருத்துவ ஊர்தியிலும், சாக்குகளிலும், நீதிமன்றக் கட்டடத்தின் வழியாகவும் வெளியே கொணர்ந்தனர். அக்குழுவால் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 2,500 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

புதிய வீட்டில் பிள்ளைக்குப் புதிய பெயர் இட வேண்டும். பழைய பெயரைச் சொன்னால் உயிர் போகும். ஆனால் பெயரை இழந்த பிள்ளை தன் குலத்தையும் பெற்றோரையும் இழக்கும் அன்றோ? ஆகவே மெல்லிய தாள்களில் உண்மைப் பெயர்களையும் புதிய பெயர்களையும் எழுதிவைத்தார் ஐரீனா. 1943 அக்டோபரில் அவரைக் கைதுசெய்யக் காவலர் வந்த இரவில், உடனிருந்த தோழி அப்பட்டியலைத் தம் ஆடைக்குள் மறைத்துக்கொண்டார். கொடிய சித்திரவதையிலும் ஐரீனா வாய் திறக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்ட அவரை, காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து இயக்கத்தினர் மீட்டனர். கண்ணாடிக் குடுவையில் இடப்பட்டு ஓர் ஆப்பிள் மரத்தடியில் புதைக்கப்பட்டிருந்த பெயர்கள், போர் ஓய்ந்தபின் யூத சமூகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. பெற்றோருள் பெரும்பாலோர் அதற்குள் மாண்டுபோயிருந்தனர். ஆயினும் பிள்ளைகளின் பெயர்கள் பிழைத்திருந்தன.

கன்னியர் மடத்துத் தாய்மார்

இக்குழந்தைகளுள் பலரை ஏற்றவை கன்னியர் மடங்களே. மரியாளின் குடும்பப் பிரான்சிஸ்கன் சபையின் மாகாணத் தலைவி அன்னை மத்தில்தா கெட்டருக்கு அப்போது வயது எழுபதைக் கடந்திருந்தது. உதவி நாடி வரும் எந்த யூதக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என அவர் உறுதிபூண்டார். சோதனையிடப் படைவீரர் வரும் வேளையில், முக அமைப்பால் அடையாளம் தெரியக்கூடிய பிள்ளைகளின் முகத்தில், காயம் பட்டதுபோல் அருட்சகோதரிகள் கட்டுப்போட்டு வைத்தனர். அச்சபையார் காத்த குழந்தைகள் 500-க்கும் மேற்பட்டோர்.

இன்று பெலாருஸ் நாட்டிலுள்ள நொவோகுருதெக் நகரில், நாசரேத்துத் திருக்குடும்ப சபையின் அருட்சகோதரி ஸ்தெல்லா வேறொரு வகையில் தாயானார். 1943 ஜூலையில் ஊரார் பலர் கைதாகிச் சாவை எதிர்நோக்கியிருந்தனர். பலி வேண்டுமெனில், குடும்பம் உள்ளவர்களுக்குப் பதிலாக எங்களை ஏற்றுக்கொள்ளும் என்று அவரும் அவருடைய சகோதரிகளும் ஆண்டவரிடம் மன்றாடினர். கைதானோர் கொல்லப்படவில்லை. ஆகஸ்டு முதல் நாள், ஞாயிறன்று, சகோதரியர் பதினொருவரும் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவர்களுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

ஒரு தாயின் 'ஆம்'

துறவியர் உயிர் ஈந்ததை நாம் எளிதில் போற்றுவோம். ஆனால் மடியில் பிள்ளை உள்ள தாய் என்ன செய்வாள்? மார்க்கோவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த விக்தோரியா உல்மாவை நினைக்கும்போது நம் நெஞ்சம் நடுங்குகிறது. அவருடைய கணவர் யோசேப் ஓர் உழவர். பிள்ளைகள் அறுவர். மூத்தவளுக்கு வயது 7, கடைக்குட்டிக்கு ஒன்றரை. ஏழாவது குழந்தையை அன்னை வயிற்றில் சுமந்திருந்தார். 1942 இறுதி முதல் அச்சிறு வீட்டில் யூதர் எண்மர் அடைக்கலம் பெற்றனர். ஓர் அடுப்பிலிருந்து 16 பேர் பசியாற வேண்டும். அதுவும் ஊர் அறியாமல், ஓராண்டுக்கும் மேலாக! போர்க்களத்து வீரத்தை விட இது குறைந்ததென்று யார் சொல்வார்?

யாரோ காட்டிக்கொடுத்தனர். 1944 மார்ச் 24 விடியற்காலையில் காவற்படையினர் வந்தனர். முதலில் யூதரையும், பின்னர் யோசேப்பையும் விக்தோரியாவையும், இறுதியாகப் பிள்ளைகளையும் சுட்டனர். அவ்வேளையில் ஏழாவது குழந்தை பிறக்கத் தொடங்கியிருந்தது. 2023 செப்டம்பர் 10-ஆம் நாள் அக்குடும்பம் முழுவதும் முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்க்கப்பட்டது.

பிறர் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளைகளை ஆபத்துக்கு உட்படுத்த ஒரு தாய்க்கு உரிமை உண்டா? பங்கில் தாய்மார் நம்மிடம் இவ்வாறு கேட்டால், எளிய விடை நம்மிடம் இல்லை. அச்சத்தால் கதவை அடைத்தவர்களைத் திருச்சபை தீர்ப்பிடவில்லை. விக்தோரியாவின் செயலை அனைவர்க்கும் கட்டளையாக்கவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். வெளியே நின்ற பிள்ளையும் தாயின் பிள்ளையே என்று அவர் கண்டார். கதவை அடைப்பதால் தன் பிள்ளைகளின் உடலைக் காக்கலாம். அவர்கள் கற்கும் விசுவாசத்தை எவ்வாறு காப்பது என்றும் அவர் எண்ணியிருக்கலாம்.

அவர்கள் வீட்டு விவிலியத்தில் நல்ல சமாரியன் உவமை அடிக்கோடிடப்பட்டு, அருகே 'ஆம்' என்ற ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. அவர்கள் மாண்ட நாளோ, மரியன்னை தூதருக்கு 'ஆம்' என்று மொழிந்ததை நாம் கொண்டாடும் மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்திய நாள். இக்கொலையைக் கண்டபின்னும் மார்க்கோவாவின் வேறு குடும்பங்கள் தம் வீடுகளில் மறைத்திருந்த யூதரைக் கைவிடவில்லை. ஏறத்தாழ இருபது பேர் போரின் முடிவைக் கண்டனர்.

அன்புக் குடும்பங்களே! அந்த 'ஆம்' கதவு தட்டப்பட்ட இரவில் திடீரெனப் பிறந்ததன்று. விவிலியத்தை விரித்துக் கணவனும் மனைவியும் அமர்ந்த அமைதியான மாலைகளில் அது முளைத்திருக்க வேண்டும். நம் இல்லங்களிலும் அத்தகைய மாலைகள் உண்டு. இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் அவ்வுவமையை ஒருமுறை வாசித்து, நம் தெருவில் யாருக்கு நம் கதவு இன்னும் திறக்கவில்லை என்று பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

விக்தோரியாவின் ஏழாவது குழந்தைக்குப் பெயர் இடப்படவில்லை. திருச்சபை அக்குழந்தையைப் பெயரின்றியே வணங்குகிறது. சிப்ரா, பூவா பெயர்களை மறவாத ஆண்டவர், இப்பெயரையும் அறிவார்.