பேசாதிருந்த இணைப்பு

சிறிய கோப்புகளெல்லாம் தடையின்றிப் போய்ச் சேர, ஐந்து ஜிபி அளவுள்ள பெரிய கோப்பு ஒன்று மாத்திரம் ஒரு மணி நேரம் ஓடி, நூறு சதவீதத்தையும் எட்டிய பின்னர், இணைப்பு அறுந்துவிட்டதென்று திரையில் அறிவித்து நிற்குமானால், பார்த்திருப்பவனுக்கு உண்டாகும் மனக்கிலேசம் சாமானியமானதன்று. கேபிளை மாற்றுகிறான், இணையம் தருபவனை வைகிறான், மறுபடியும் முதலிலிருந்து இறக்குகிறான். தோஷமோ வேறிடத்தில் இருக்கிறது.

எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற முறை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண் 1971 ஏப்ரலில் எழுதிய குறிப்பிலே பிறந்து, 1985-இல் இப்போதைய வடிவத்தை அடைந்தது. உத்தரவுகளும் பதில்களும் 21-ஆம் போர்ட் வழியே ஓர் இணைப்பில் நடக்க, கோப்போ தனியாக வேறோர் இணைப்பில் வருவது இதன் விசேஷம். பின்வாசலில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்க, முன்வாசலில் கணக்குப்பிள்ளை வாய் திறவாமல் நிற்பதைப் போன்ற ஏற்பாடு அது. இடையிலுள்ள ரௌட்டரோ, நெடுநேரம் பேச்சற்றுக் கிடக்கும் இணைப்பைச் செத்ததென்று நிச்சயித்து, எவருக்கும் சொல்லாமல் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. கோப்பு முழுவதும் வந்த பின்பு, ‘முடிந்தது’ என்பதற்கு அடையாளமான 226 என்னும் பதிலைச் சர்வர் அனுப்பினால், அது வந்து சேர வழியில்லை. உயிரோடிருப்பதைத் தெரிவிக்கும் ‘கீப் அலைவ்’ என்ற ஏற்பாடு உண்டெனினும், வழக்கமான அமைப்பில் அது இரண்டு மணி நேரம் கழித்தே வாய் திறக்கும். அதைச் சில நிமிஷங்களாகக் குறைப்பதே பரிகாரம்.

ஆகவே, வந்த கோப்பை அழிப்பதற்கு முன் அதன் பைட் கணக்கைச் சர்வரிலுள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். பாதியில் நின்றதாயின், ‘ரெஸ்ட்’ என்னும் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும். (பெயரைக் கண்டு அது ஓய்வெடுத்துக்கொள்ளும் என்று எண்ணவேண்டாம்; மறுபடி தொடங்கு என்பதன் சுருக்கமே அது.)

நின்ற இடத்து எண்ணும் துப்புச் சொல்லும். சரியாக நான்கு ஜிபியில் நின்றால் நெட்வொர்க்கை நிந்திப்பது அநியாயம்: ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ், 4,294,967,295 பைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. முழுதாக வந்தும் திறக்க மறுக்கும் ஜிப் கோப்பையோ, எழுத்துக் கோப்புகளுக்கான ‘ஆஸ்கி’ பரிமாற்ற முறையை ‘பைனரி’யாக மாற்றிவிட்டு மறுபடி இறக்குவதைத் தவிர வேறு கதியில்லை.