இருபத்தெட்டு நாள் மாதம்

பிறைக் கணக்கில் ஒரு மாதம் என்பது 29 நாள், இல்லையேல் 30 நாள். ஆங்கிலக் கணக்கில் 30 அல்லது 31. பிப்ரவரி ஒன்றே விதிவிலக்கு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நாட்காட்டி ஒன்று நம் இல்லங்களுக்குள் ஓசையின்றிக் குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. அதில் எல்லா மாதமும் 28 நாளே. செல்போன் நிறுவனங்கள் வகுத்துத் தந்த நாட்காட்டி அது. அந்தக் கணக்கின்படி ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் அல்ல, பதின்மூன்று மாதம்!

பதின்மூன்றாவது மாதத்துக்குச் சம்பளம் தருவார் எவருமிலர். ரீசார்ஜ் மட்டும் கேட்கப்படுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாக மலையடிவாரம் நோக்கிப் பயணம் செய்தால் கூமாப்பட்டியை ஒட்டி வருவது கான்சாபுரம். தென்னையும் நெல்லும் சூழ்ந்த இத்தகைய சிற்றூரில் ஒரு நடுத்தர இல்லத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முதிர்ந்த அத்தா, அம்மா. ராஜபாளையத்து மில்லுக்கு வேலைக்குச் செல்லும் மகன், அவர் மனைவி. கல்லூரியில் பயிலும் மகள். இளைய மகன் வளைகுடா நாட்டில். வீட்டிலிருப்போர் ஐவரிடமும் ஆளுக்கொரு செல்போன்.

2024 ஜூலையில் செல்போன் கட்டணங்கள் உயர்ந்தபோது, நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் ரீசார்ஜ் ஜியோவில் 239 ரூபாயிலிருந்து 299 ஆயிற்று. ஏர்டெல்லில் 299 ரூபாயிலிருந்து 349 ஆயிற்று. குறைந்த தொகையையே எடுத்துக்கொள்வோம். 299 ரூபாய் வீதம் பதின்மூன்று முறை செலுத்தினால் ஒரு போனுக்கு ஆண்டுக்கு 3,887 ரூபாய். ஐந்து போன்களுக்கு 19,435 ரூபாய். வீட்டுக்கு ஃபைபர் இணைய இணைப்பும் இருக்குமானால், 399 ரூபாய் என விளம்பரத்தில் காணும் திட்டம் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 470 ரூபாய் 82 காசாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,650. கேபிளுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,840. எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 27 ஆயிரம் ரூபாய்!

இத்தொகையின் கனத்தை உணர வேறோர் அளவுகோல் வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். மேற்கண்ட தொகைக்கு 84 நாள் உழைக்க வேண்டும். நூறு நாளில் எஞ்சுவது பதினாறே நாள்.

ஒரே பொருளுக்கு இருமுறை விலை

மேலே கண்ட கணக்கைச் சற்று ஊன்றிப் பார்த்தால் உண்மை ஒன்று புலப்படும். ஐந்து போன்களுக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. எனில், அவ்வீடு நாள்தோறும் ஏழரை ஜி.பி. இணையத்துக்கு விலை கொடுக்கிறது. அதே வீட்டின் கூடத்தில் ஃபைபர் பெட்டியும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது! வெற்றிலைப் பெட்டியும் தஸ்பீஹ் மணியுமாகத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அத்தா தம் ஒன்றரை ஜி.பி.யை என்ன செய்வார்? பேச வேண்டும்; பேத்தி அனுப்பிய படத்தைப் பார்க்க வேண்டும்; வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. தவறாமல் வந்து சேர வேண்டும். அவ்வளவே அவரது தேவை.

இணையமே வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்போருக்கு நெடுநாள் வழியில்லாதிருந்தது. அவர்களும் டேட்டாவுக்குச் சேர்த்தே பணம் கட்டினர். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான சிறப்புத் திட்டங்களை ஒவ்வொரு நிறுவனமும் தந்தே ஆக வேண்டும் என ஆணையிட்டது. அத்தகைய ரீசார்ஜின் உச்சக் காலவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாகவும் உயர்த்தியது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் எனவும், ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய் எனவும் திட்டங்களை வெளியிட்டன. விலைகள் அவ்வப்போது மாறும் இயல்புடையவை. செலுத்துமுன் அன்றைய விலையைக் கேட்டறிதல் நலம். ஆயினும் இப்படியொரு வகை உண்டு என்பதைப் பலரும் அறியார். கடையில் தாமாக எடுத்துச் சொல்வாரும் அரிது. "டேட்டா இல்லாமல், பேச மட்டும் உள்ளது" என்று நாமே வாய் திறந்து கேட்க வேண்டும்.

நம் கற்பனை இல்லத்தில் அத்தா, அம்மா, வீட்டிலேயே இருக்கும் மருமகள் ஆகிய மூவரின் எண்களையும் இவ்வகைக்கு மாற்றினால், 336 நாளுக்கு 1,748 என்ற கணக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய்தான் ஆகும். மூன்று எண்களிலும் சேர்ந்து 5,900 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. ஃபைபர் கட்டணம் முழுவதும் இதிலேயே அடங்கிவிடும்!

"வளைகுடாவிலிருக்கும் மகன் முகத்தை எப்படிப் பார்ப்பது?" என்று அம்மா கேட்கலாம். ரீசார்ஜில் டேட்டா இல்லாவிடினும் வீட்டு வைஃபையில் போன் முழுமையாக இயங்கும். படம், குரல், காணொளி யாவும் வரும். ஃபைபர் இல்லாத வீட்டில், மாலையில் வேலை முடிந்து திரும்பும் மகனின் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் அதுவே போதுமானது. மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும் என்பது மட்டும் ஒரு குறை. ரூட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய பேட்டரிப் பெட்டி அதற்கு மாற்று.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குத் தடை இருப்பதை அங்கு உறவினர் உள்ளோர் நன்கறிவர். அரசு அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையே அங்குள்ளோர் பயன்படுத்துகின்றனர். அதையே இங்குள்ளோர் போனிலும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில், தன் விதிகளுக்கு உட்பட்ட செயலிகளுக்கு இருந்த தடையை நீக்கியது. எந்த நாட்டில் எது இயங்கும் என்பதை அங்கிருப்பவரிடமே ஒருமுறை கேட்டு முடிவு செய்துவிட்டால், அவசரத்தில் ஐ.எஸ்.டி. அழைத்துப் பெருந்தொகை இழக்க நேராது.

பி.பி. எண்ணிலிருந்து வாழ்நாள் வரை

இன்றைய செலவை எண்ணி ஏங்குவோர் முன்பெல்லாம் இச்செலவே இல்லை என்பர். அது முழு உண்மையன்று. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அஞ்சல் நிலையம் சென்று ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிய காலம் ஒன்றிருந்தது. 1980களில்தான் அது ஒழிந்தது. கடிதத் தாளின் தலைப்பில் "பி.பி." என்று குறித்து அண்டை வீட்டாரின் தொலைபேசி எண்ணை எழுதியதையும், அழைப்பு வந்ததும் அவ்வீட்டுப் பிள்ளை ஓடிவந்து கூப்பிட்டதையும் மறந்தோமில்லை. வெளிநாட்டிலிருந்து கணவரின் குரல் டேப் ரெக்கார்டர் கேஸட்டில் பதிவாகி, ஊருக்கு வருவோர் கையில் வந்து சேர்ந்த இல்லங்கள் நம்மிடையே ஏராளம். இஷாவுக்குப் பின் எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்தோம். இரவு முதிர முதிரக் கட்டணம் குறையும் என்பதற்காக. 1994 ஜூலையில் இந்தியாவில் சேவை வரி முதன்முதலாக வந்தபோது, அது விதிக்கப்பட்ட மூன்று சேவைகளுள் தொலைபேசி ஒன்று. அப்போது 5 விழுக்காடு; இன்று ஜி.எஸ்.டி.யாக 18.

1995 ஜூலை 31இல் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. அந்நாளில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே பணம் தர வேண்டியிருந்தது. 2003 மே மாதம் அது இலவசமாயிற்று. பின்னர் 999 ரூபாய் கட்டினால் "வாழ்நாள் முழுதும்" அழைப்பு வரும் என்றனர். நம்பிக் கட்டியோர் பலர். யாருடைய வாழ்நாள் என்பதை மட்டும் அன்று நாம் கேட்கவில்லை! 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வரும் அழைப்பு தொடர வேண்டுமாயின் 28 நாளுக்கொருமுறை குறைந்தது 35 ரூபாய் கட்ட வேண்டும் என்ற முறை வந்தது. 2024 ஜூலைக்குப் பின் ஏர்டெல்லில் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய். ஆறே ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல்! போனை எடுத்துப் பேசுவதற்கு மட்டுமே வைத்திருக்கும் ஏழை முதியோரையே இவ்வுயர்வு மிகவும் தாக்கிற்று என்பது என் கருத்து.

28 நாள் கணக்குக்கும் ஒரு மாற்று உண்டு. 2022 ஜனவரியில் டிராய் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பெறுவோர்தாம் குறைவு. ஒப்பிடும்போது ரூபாயை நாளால் வகுத்துப் பாருங்கள். 299ஐ 28ஆல் வகுத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் அறுபத்தெட்டு காசு. இந்த ஒரு வகுத்தல் தெரிந்திருந்தால் எந்த விளம்பரமும் நம்மை ஏமாற்ற இயலாது. இன்னொன்று: பிரீபெய்டு ரீசார்ஜ் விலையில் வரி உள்ளடங்கியது, ஃபைபருக்கும் போஸ்ட்பெய்டுக்கும் அறிவிக்கும் விலைக்கு மேல் வரி தனி. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடல் ஆகாது.

தொலைக்காட்சி

உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் பொருத்தி, இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தது தென்மாவட்டத்தார்க்கு மறவாத நினைவு. அதற்கு மாதக் கட்டணம் இல்லை; காற்றடித்தால் மாடியேறும் சிரமம் மட்டுமே. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தோன்றியபின் கேபிள் வயர் தெருத்தெருவாக வந்தது, கட்டணமும் கூடவே வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தரத் தொடங்கியது எளியோர்க்குப் பேருதவியாயிற்று. 2019 பிப்ரவரியில் நாடெங்கும் டிராயின் புதிய முறை நடைமுறைக்கு வந்தபின் அவ்வெளிமை மறைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு கேபிளின் கட்டணம் 130 ரூபாயும் வரியும் எனக் குறைக்கப்பட்டது. 130 ரூபாய் என்ற உச்சவரம்பையும் 2024இல் டிராய் தளர்த்திவிட்டது. ஆதலால் இனி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம்.

ஆயினும் 2019இன் முறை நமக்கு ஓர் உரிமையைத் தந்தது: வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். தொகுப்பாகத் தரும் "பேக்"கில் நம் வீட்டில் எவரும் புரியாத மொழிச் சேனல்களும் அடங்கியிருக்கும். ஒரு வாரம் ஒரு தாளில் வீட்டார் உண்மையில் பார்த்த சேனல்களை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஆறேழைத் தாண்டாது. அந்தத் தாளைக் கேபிள்காரரிடம் தந்து, தனித்தனியாக எவ்வளவு ஆகும் எனக் கேளுங்கள். சில வேளை தொகுப்பே மலிவாக இருக்கும். அதையும் கணக்குத்தான் சொல்லும்.

செய்தியும் பொதுநிகழ்ச்சியும் போதுமென்போர்க்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பர் முதல் இருந்து வருகிறது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்குவதோடு சரி, மாதக் கட்டணமே கிடையாது. டி.டி. தமிழ் அதில் வரும். தமிழ்த் தொடர்களுக்குப் பெயர்பெற்ற தனியார் கட்டணச் சேனல்கள் வாரா. அதை முன்னரே அறிந்து வாங்குக.

ரமலான் வந்துவிட்டால் தொலைக்காட்சியின் மேல் துணி போர்த்திவிடும் இல்லங்கள் நம்மில் பல. ஆனால் அம்மாதத்துக்கும் கேபிள் கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்! 2017ஆம் ஆண்டு விதிகளில், சந்தாதாரர் முன்கூட்டியே தெரிவித்தால் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க இடமுண்டு. ஷஅபான் பிறந்ததும் கேபிள்காரரிடம் எழுதித் தாருங்கள். மீண்டும் தொடங்கச் சிறு கட்டணம் கேட்பார்களா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். உம்ராவுக்கோ மகன் வீட்டுக்கோ மாதக்கணக்கில் செல்வோருக்கும் இது பயன்படும்.

கண்ணுக்குத் தெரியாமல் கசியும் பணம் வேறொன்றுண்டு. படம் பார்க்கும் செயலிக்கு ஒரு மாதம் இலவசம் என்று பிள்ளைகள் பதிவு செய்திருப்பர். அடுத்த மாதம் முதல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானே எடுக்கப்படும். 2021 அக்டோபர் முதல், இவ்வாறு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னரே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அக்குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். பணம் செலுத்தும் செயலியில் "ஆட்டோபே" என்ற பகுதியைத் திறந்தால் நம் அனுமதி பெற்றவை யாவும் பட்டியலாகத் தெரியும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம்.

நிறுவனம் மாற விரும்பினால் எண்ணை இழக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரி முதல் நாடெங்கும் அவ்வசதி உண்டு. "போர்ட்" என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடைவெளி விட்டுப் பத்து இலக்க எண்ணையும் 1900க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் ஒரு குறியீடு வரும். நம் மாநிலத்தில் அது நான்கு நாளைக்குச் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடைக்குச் செல்ல வேண்டும். பழைய ரீசார்ஜில் மிஞ்சிய நாளும் பணமும் உடன் வாரா. ஆதலால் 365 நாள் ரீசார்ஜ் செய்த மறுவாரமே மாற நினையாமல், காலம் முடியும் தறுவாயில் விண்ணப்பிக்க வேண்டும். மலையடிவார ஊர்களில் மாறுமுன், எந்த நிறுவனத்தின் சிக்னல் அடுப்பங்கரை வரை வருகிறது என்பதை அண்டை வீட்டார் போனை ஒருமுறை உள்ளே கொண்டுவந்து பார்த்துக்கொள்க.