முத்திரை எதற்குச் சாட்சி?



தோபித்து நூலில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியோடு தொடங்குவோம். நினிவே நகரில் பார்வையிழந்து, வறுமையில் வாடிய தோபித்துக்கு ஒருநாள் ஒரு நினைவு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் அவர் வெள்ளி கொடுத்து வைத்திருந்தார். அதை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்ப நினைக்கிறார். அப்போது மகன் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது. அவருக்கு என்னைத் தெரியாதே, எனக்கும் அவரைத் தெரியாதே, எந்த அடையாளத்தைப் பார்த்து அவர் என்னை நம்புவார் என்று கேட்டான். தந்தையிடம் பதில் இருந்தது. இருவரும் கையொப்பமிட்ட ஓர் ஆவணம். அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதியாக வைத்திருந்தார்கள். அந்த ஆவணத்தோடு வந்தவரிடம், முத்திரை குலையாத பணப்பைகளைக் கபேல் எண்ணிக் கொடுத்தார்.

முன்பின் தெரியாத நாட்டில், முன்பின் தெரியாத ஓர் அதிகாரி நம் பிள்ளையை எதைக் கொண்டு நம்புவார்? விருத்தாசலம் சந்திப்பில் ரயில் ஏறி, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் வேலை தேடிச் செல்லும் நம் பங்கு இளைஞர்கள் முன்னால் இன்று நிற்பதும் அன்று தோபியா கேட்ட அதே கேள்விதான்.

ஒரு குடும்பத்தின் ஏழு மாதம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்த வேளை. கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கணவர் வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்கிறார். குடும்ப விசாவுக்காக, நாம் கொடுத்திருந்த திருமணச் சான்றிதழில் அரசு முத்திரை பெற முயன்றிருக்கிறார்.

"இது கோவில் பேப்பராம் ஃபாதர், இதுல சீல் போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அதற்குள் ஓர் இடைத்தரகர் இருபதாயிரம் ரூபாயையும் அசல் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஒருவழியாக அசல்களைத் திரும்பப் பெற்று, அரசுப் பதிவுக்குப் போனபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. திருமுழுக்குப் பதிவேட்டிலும் கடவுச்சீட்டிலும் மூன்று சொற்களாக இருந்த அவருடைய பெயர், திருமணப் பதிவேட்டில் ஒரே சொல்லாகச் சுருங்கியிருந்தது. ஊரார் அவரை அழைக்கும் பெயர் அது. அதை எழுதிய கை வேறு யாருடையதும் அல்ல, நம்முடையதுதான். திருமணத் திருப்பலி முடிந்த அவசரத்தில், காதில் விழுந்ததை எழுதிவிட்டோம்.

எல்லாம் சரியாக ஏழு மாதம் ஆயிற்று. அந்தக் குழந்தையைத் தந்தை முதன்முதலாகத் தூக்கியபோது அது நடக்கத் தொடங்கியிருந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஏழு மாதம்தான்.

அப்போஸ்டில் என்றால் என்ன?

பலரும் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, இதற்கும் அப்போஸ்தலர்களுக்கும் தொடர்பு உண்டா என்பது. இல்லை. ஓர் ஆவணத்தின் ஓரத்தில் எழுதும் குறிப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இது.

முற்காலத்தில் ஒரு நாட்டின் ஆவணம் இன்னொரு நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். உள்ளூர் அதிகாரியின் கையொப்பத்தை மாநில அதிகாரி உறுதி செய்வார், அவருடைய கையொப்பத்தை வெளியுறவு அமைச்சகம், அதைத் தூதரகம், அதை மீண்டும் அந்நாட்டு அமைச்சகம். இந்தச் சங்கிலியைக் குறைக்க 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே ஒரே ஒரு சான்று போதும். அதுவே அப்போஸ்டில். பத்து எண்ணிட்ட குறிப்புகள் கொண்ட சதுர வடிவச் சான்று அது. எந்த நாட்டு ஆவணம், யார் கையொப்பம், என்ன பதவி, யாருடைய முத்திரை, எங்கே, எந்த நாளில், எந்த எண்ணில் சான்று தரப்பட்டது என்பவை அதில் இருக்கும். இந்தியாவில் இந்த உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

இங்கே நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அப்போஸ்டில் மூன்றுக்கு மட்டுமே சாட்சி சொல்கிறது: கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் இன்ன பதவியில் இருந்தவர், முத்திரை உரிய அலுவலகத்துடையது. சான்றிதழில் எழுதியிருக்கும் பெயர் சரியா, பிறந்த நாள் சரியா என்பதற்கு அது சாட்சி அல்ல. தவறான பெயர் எழுதிய சான்றிதழுக்கும் முறைப்படி முத்திரை கிடைத்துவிடும். விமானம் ஏறிய பிறகு அந்நாட்டு அலுவலகத்தில் அதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிடும்போதுதான் தவறு வெளிப்படும்.

எந்த நாட்டுக்கு எது?

செல்லும் நாடு உடன்படிக்கையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓமன் 2012-இலும், பஹ்ரைன் 2013-இலும், சிங்கப்பூர் 2021-இலும், சவுதி அரேபியா 2022-இலும், கனடா 2024-இலும் இம்முறைக்குள் வந்தன. எனவே பத்து ஆண்டுகளுக்கு முன் சென்ற உறவினர் சொல்லும் வழி இன்று பொருந்தாமல் போகலாம். ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்குப் பழைய முறைதான்: நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றுக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றும் வேண்டும். உடன்படிக்கையில் இருந்தாலும், இந்தியா சேர்ந்தபோது ஆட்சேபம் தெரிவித்த நாடுகளும் உண்டு. ஜெர்மனி அவற்றுள் ஒன்று. அங்கே செவிலியராகச் செல்லும் நம் பிள்ளைகள் பணம் செலவழிக்கும் முன் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் படித்துவிடுவது நல்லது.

விருத்தாசலத்திலிருந்து சென்னை வரை

பயணம் தொடங்குவது டெல்லியில் அல்ல, நம் ஊரில்தான். பிறப்புச் சான்றிதழுக்கு நகராட்சியிலோ கிராமத்திலோ உள்ள பிறப்பு-இறப்புப் பதிவாளர். திருமணச் சான்றிதழுக்குச் சார்பதிவாளர். படிப்புச் சான்றிதழுக்குப் பள்ளி, பல்கலைக்கழகம். அடுத்த படி மாநில அரசு. படிப்புச் சான்றிதழ்களைக் கல்வித் துறையும், பிறப்பு, திருமணம் போன்ற தனிப்பட்ட ஆவணங்களை மாநில அரசின் உரிய துறையும் சரிபார்த்துச் சான்றளிக்கின்றன. மூன்றாவது படி மத்திய வெளியுறவு அமைச்சகம். இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை; சென்னையிலுள்ள கிளைச் செயலகத்திலேயே முடியும். ஆனால் ஆவணங்களை அமைச்சகம் நேரடியாக வாங்குவதில்லை. அது அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகவே கொடுக்க வேண்டும். அந்நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. 2017-இல் தொடங்கிய 'இ-சனத்' என்ற இணையவழி முறையும் உண்டு. ஆவணத்தை வழங்கிய அலுவலகம் அதில் இணைந்திருந்தால் அலைச்சல் பெரிதும் குறையும்.

அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் சேவை நிறுவனத்தின் கட்டணம். இதைத் தெரிந்துகொண்டால், ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் எதற்கு இவ்வளவு என்று கேட்கும் துணிவு வரும். இன்னொன்று: பத்திரமாக இருக்கட்டும் என்று அசல் சான்றிதழ்களை லேமினேஷன் செய்துவிடுகிறோம். அதன்மேல் முத்திரை இடவோ சான்றை ஒட்டவோ முடியாது. உறையில் போட்டு வையுங்கள், அது போதும்.

கோவில் சான்றிதழ் எங்கே பயன்படும்?

திருமுழுக்குச் சான்றிதழுக்கும் கோவில் திருமணச் சான்றிதழுக்கும் மதிப்பில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். அவை செல்லும் வழி வேறு. வெளிநாட்டில் உள்ள கோவிலில் திருமணம் செய்வதற்கோ, அங்கே பிள்ளைக்கு அருட்சாதனம் பெறுவதற்கோ, பங்கு முத்திரையோடும் பங்குத்தந்தையின் கையொப்பத்தோடும் நாம் தரும் சான்றிதழ் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்ட அலுவலகத்தின் சான்றோடு அந்நாட்டு மறைமாவட்டத்துக்குச் செல்கிறது. அதற்கு அரசு முத்திரை தேவையில்லை. திருமணத்துக்காகக் கேட்கும் திருமுழுக்குச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். ஏனெனில், ஒருவருடைய திருமணம் அவருடைய திருமுழுக்குப் பதிவிலும் குறிக்கப்படுகிறது. அந்தக் குறிப்பு இருக்கிறதா என்பதை அதில்தான் பார்ப்பார்கள்.

விசாவுக்கு அரசின் சான்றிதழ்தான் வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நம் கோவில்களில் நடக்கும் திருமணங்களின் விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசின் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பப்படுகிறது. இதோடு, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி எல்லா மதத்தினரும் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் உண்டு. வெளிநாடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விருந்து, புகைப்படம் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கும் நாம் இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாமே!

அங்கிருந்து இங்கு வரும் ஆவணங்கள்

வெளிநாட்டில் பெற்ற சான்றிதழை இங்கே பயன்படுத்த வேண்டுமானால், அதற்கான அப்போஸ்டிலை அந்த நாட்டிலேயே பெற்று வர வேண்டும். இங்கு வந்தபின் சென்னையில் தர மாட்டார்கள். இந்தியக் குடியுரிமை உள்ள பெற்றோருக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய மறக்கக் கூடாது. ஊரில் உள்ள நிலத்தை விற்கவோ வீட்டைப் பராமரிக்கவோ அங்கிருந்து பொது அதிகார ஆவணம் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைக் கட்ட வேண்டும். இதை அறியாமல் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் பிறகு தவிக்கும் பெற்றோர் உண்டு.

பச்சை மண்ணிலேயே

நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். பொம்மையோ அகலோ பச்சை மண்ணாக இருக்கும்போது கீறல் தெரிந்தால், ஈரவிரலால் தடவி மூடிவிடலாம். சூளையில் சுட்டுவிட்டால், மேலே எவ்வளவு மெருகு பூசினாலும் கீறல் கீறல்தான்.

பெயரும் அப்படித்தான். பிள்ளை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரைப் பின்னர் சேர்ப்பதானால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை வாய்ப்பு உண்டு. அந்தோணியார் பெயர் ஒன்று, பாட்டியின் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று என்று வைப்பது நம் வழக்கம், அன்பினால் வைக்கிறோம். எத்தனை பெயர் வைத்தாலும் பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குப் பதிவேடு, பள்ளி, ஆதார், கடவுச்சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர் இருக்கட்டும். தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமா, முழுப்பெயரா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

நம் பங்கைப் பொறுத்தவரை, அந்த இளம்பெண் வந்துபோன நாள் முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். திருமுழுக்குக்கு வருவோர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும், திருமணத்துக்கு வருவோர் தங்கள் பள்ளிச் சான்றிதழையோ கடவுச்சீட்டையோ கொண்டுவரக் கேட்கிறோம். பதிவேட்டில் எழுதியதும் உரக்க வாசிக்கிறோம். குடும்பத்தார் விரல் வைத்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுகிறோம். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம்தான், ஒரு குடும்பத்தின் ஏழு மாதத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் நிலம் வாங்கியபோது, சாட்சிகள் முன்னிலையில் எழுதிய பத்திரத்தில் முத்திரையிட்டதையும் திறந்திருந்ததையும் ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நெடுங்காலம் கெடாமல் இருக்கட்டும் என்பதற்காக. நகரம் முற்றுகையில் இருந்த நாட்களிலும் அவர் ஆவணத்தை ஒழுங்காக எழுதினார். இம்மண்ணில் மீண்டும் மக்கள் வாழ்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

இந்த வாரம் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பதிவேட்டில் தவறு இருந்தால் தயங்காமல் வாருங்கள், முறைப்படி திருத்துவோம். பிள்ளை புறப்படும் நாளில் கலங்குவதைவிட, இன்றே சரிபார்த்து வைப்போமா?