இன்ட் நிரம்பி வழியும் இடம்

புரோகிராமிங் புதிரில் மாதிரி உள்ளீடுகளுக்கெல்லாம் விடை சரியாக வருகிறது. சமர்ப்பித்தால் மட்டும் ஏதோ ஒரு பெரிய சோதனையில் 'தவறான விடை'. லாஜிக்கைப் பிரித்து மேய்வதற்கு முன் எண்களின் வகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜாவாவில் இன்ட் 32 பிட். சி++-இலும் நீங்கள் பயன்படுத்தும் கம்பைலர்களில் அநேகமாக அதேதான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. சி++-இன் லாங் லாங், ஜாவாவின் லாங் ஆகியவை 64 பிட், ஏறத்தாழ 9.2 × 10¹⁸ வரை தாங்கும்.

60,000 உறுப்புகளிலிருந்து எத்தனை ஜோடிகள் எடுக்கலாம்? 60,000-ஐ 59,999-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 179,99,70,000. இது இன்ட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் வகுப்பதற்கு முன் வரும் பெருக்கல்தொகை 359,99,40,000; அது அடங்காது. ஜாவா இதற்கு −34,75,13,648 என்று விடை தரும். சி++-இல் என்ன வரும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

விடையை வாங்கும் மாறியை லாங் லாங் ஆக்கினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. இரண்டு இன்ட்களைப் பெருக்கினால் கணக்கு இன்ட்டிலேயே நடந்து, கெட்டுப்போன பிறகுதான் பெரிய மாறிக்குள் போகிறது. பெருக்கும் முன்பே ஒன்றை லாங் லாங் ஆக மாற்ற வேண்டும். சி++-இல் அக்யூமுலேட் கொண்டு கூட்டும்போதும் இதே சிக்கல்: தொடக்க மதிப்பாக வெறும் 0 கொடுத்தால் மொத்தமும் இன்ட்டில்தான் சேரும்.

ஆகவே கோடு எழுதுமுன் வரம்புகளைப் படித்து மனக்கணக்குப் போடுங்கள். 2 லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 100 கோடி வரை என்றால் கூட்டுத்தொகை 2 × 10¹⁴. லாங் லாங் வேண்டும். விடையை 100,00,00,007-ஆல் வகுத்த மீதியாகக் கேட்டால், இரண்டு மீதிகளின் பெருக்கல்தொகை சுமார் 10¹⁸. 64 பிட்டில் அடங்கும். மூன்றைச் சேர்த்துப் பெருக்கினால் அடங்காது. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதி எடுத்தே தீர வேண்டும். பைத்தான் தன் முழு எண்களைத் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்வதால், அங்கிருந்து வருபவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்காது.

எல்லாவற்றையும் லாங் லாங் ஆக்கிவிடலாமா? புதிர்களில் பெரும்பாலும் ஆக்கலாம் என்பதே என் கருத்து. நினைவகம் இறுக்கமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்: ஒரு கோடி உறுப்புகளுள்ள அரே இன்ட்டில் 40 எம்பி, லாங் லாங்கில் 80 எம்பி. சந்தேகம் இருந்தால் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள சானிடைசரைப் போட்டு ஓட்டுங்கள்; ஓடும்போது எந்த வரியில் இன்ட் வழிந்ததோ அந்த வரி எண்ணையே காட்டும்.