ஸோக் அரசரின் சாவிக்கொத்து

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ஐரோப்பாவில் சர்வாதிகாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அல்பேனியாவின் ஸோக். சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த ஏழை மலைநாடு அது. உள்ளூரில் எதிரிகள் அத்தனை பேரையும் மடக்கிய மனிதர், 14 வருட ஆட்சிக்குப் பிறகு ஒரே நாளில் நாட்டை விட்டு ஓடினார். எப்படி?

அகமெத் ஸோகு, மாத்தி என்ற மலைப்பகுதியின் தலைவர் குடும்பத்தில் 1895ல் பிறந்தவர். பிரதமராகவும் இருந்தவர். 1924 ஜூனில் நடந்த புரட்சி அவரை யூகோஸ்லாவியாவுக்கு விரட்டியது. ஃபான் நோலி என்ற பாதிரியார் பிரதமரானார். ஆறே மாதம்தான். டிசம்பரில் யூகோஸ்லாவிய உதவியோடும், கூலிக்கு வந்த ரஷ்ய வெள்ளைப்படை வீரர்களோடும் ஸோகு திரும்பி வந்தார். 1925 ஜனவரியில் ஜனாதிபதி. 1928 செப்டம்பர் 1 அன்று 'அல்பேனியர்களின் அரசர்' முதலாம் ஸோக். அந்தப் பட்டத்தைக் கவனியுங்கள். அல்பேனியாவின் அரசர் இல்லை, அல்பேனியர்களின் அரசர். கொசோவோவில் லட்சக்கணக்கான அல்பேனியர்களை வைத்திருந்த யூகோஸ்லாவியாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

உள்ளூர் வேலையில் ஆள் கில்லாடி. மலைக்குடித் தலைவர்களுக்குப் படைப் பதவியும் சம்பளமும் கொடுத்து விசுவாச சத்தியம் வாங்கிக்கொண்டார். மற்ற குடிகளிடம் துப்பாக்கிகளைப் பிடுங்கினார், சொந்த மாத்திக்காரர்களிடம் விட்டுவைத்தார். 1929ல் புதிய சிவில் சட்டம் கொண்டுவந்தார்.

சரி, இதற்கெல்லாம் பணம்? சர்வதேச சங்கத்திடம் கேட்டுப் பார்த்தும் அல்பேனியாவுக்குக் கடன் கிடைக்கவில்லை. கொடுக்கத் தயாராக இருந்தது இத்தாலி. 1925ல் அல்பேனிய தேசிய வங்கி தொடங்கியது. நோட்டு அச்சிடும் உரிமை அதற்குத்தான். முதலீடு இத்தாலியுடையது, தலைமையகம் ரோமில்! கூடவே 5 கோடி தங்க பிராங்க் கடன். 1926லும் 1927லும் இரண்டு ஒப்பந்தங்கள். ராணுவத்துக்குப் பயிற்சி தரவும் இத்தாலிய அதிகாரிகள் வந்தார்கள்.

எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால், சர்வர் உங்கள் ஆபீஸில்தான் ஓடுகிறது, அட்மின் பாஸ்வேர்டு மட்டும் அடுத்தவனிடம்.

இது ஸோக்குக்குத் தெரியாமல் இல்லை. ஆயுதப் போலீஸான ஜெண்டார்மரியை மட்டும் இத்தாலியிடம் விடவில்லை. அதற்கு ஜோசலின் பெர்சி என்ற பிரிட்டிஷ் ஜெனரலை வைத்தார். இத்தாலி எவ்வளவோ நச்சரித்தும் 1938 வரை பிரிட்டிஷ்காரர்களை அனுப்பவில்லை. 1931ல் முதல் ஒப்பந்தம் காலாவதியானபோது புதுப்பிக்கவில்லை. சுங்க ஒன்றியம் வேண்டும் என்று இத்தாலி கேட்டதற்கும் முடியாது என்றார். 1933ல் இத்தாலியர் நடத்திய பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. ரோம் பணத்தை நிறுத்தியது. 1934 ஜூனில் துர்ரஸ் துறைமுகத்துக்கு எதிரே இத்தாலியப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. ஸோக் அசரவில்லை. ஆனால் கஜானா காலி. சம்பளம் போட முடியாத அரசர் எத்தனை நாள் முறைத்துக்கொண்டு நிற்க முடியும்? 1936ல் மறுபடி இத்தாலியப் பணம், மறுபடி இத்தாலிய நிபந்தனைகள்.

1939 ஏப்ரல் 5 அன்று ஸோக்குக்கு மகன் பிறந்தான். இரண்டாம் நாள், புனித வெள்ளி, இத்தாலியப் படை கரையிறங்கியது. இத்தாலியர் பயிற்சி கொடுத்த ராணுவத்தால் பெரிதாக எதிர்க்க முடியவில்லை. துர்ரஸில் நின்று சுட்டவர்கள் யார் தெரியுமா? ஆபாஸ் குபி என்ற ஜெண்டார்மரி அதிகாரியின் ஆட்களும், சில கடற்படை வீரர்களும், ஊர்க்காரர்களும். அதாவது ஸோக் கையை விட்டுக் கொடுக்காத அந்த ஒரே சாவி மட்டும் கடைசியில் வேலை செய்தது. ஒரு சாவி போதவில்லை. அரசர் பச்சைக்குழந்தையோடு கிரீஸுக்குப் போனார். ஒரு வாரத்துக்குள் அல்பேனியக் கிரீடம் இத்தாலிய அரசர் விக்டர் இம்மானுவேல் தலைக்குப் போனது.

அவரை இத்தாலியின் கைப்பொம்மை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடன் வாங்காமல் இருந்திருந்தால் அந்த அரசே நின்றிருக்காது. ஆனால் வங்கியை வெளியே வைத்த நாளிலேயே, அவர் உள்ளே சேர்த்த அதிகாரத்துக்கு அடியில் பள்ளம் விழுந்துவிட்டது.

அந்தப் பள்ளம் அவரோடு முடியவில்லை. தேசிய வங்கியின் தங்கம், சுமார் 2,300 கிலோ, ரோமில்தான் இருந்தது. 1943ல் ஜெர்மானியர்கள் அதை எடுத்துப் போனார்கள். போருக்குப் பின் அந்தத் தங்கத்தின் மேல் உரிமைச் சண்டை கிளம்பி, 1954ல் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. அல்பேனியாவுக்கு அதில் ஒரு பகுதி வந்து சேர்ந்தது 1996ல். ஸோக் பாரிஸ் அருகே இறந்து 35 வருடம் ஆகியிருந்தது.