புகையால் அல்ல, வெப்பத்தால் திறக்கும்

ஏழாம் வகுப்பில் வெப்ப விரிவு நடத்திக்கொண்டிருந்தேன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், எங்க அண்ணன் மெட்ராஸ்ல பெயின்ட் அடிக்கிற அபார்ட்மென்ட்ல, ஏணி இடிச்சு மேல இருந்த குமிழ் உடைஞ்சு வீடு பூரா தண்ணியாம். நெருப்பே இல்லாம எப்படி டீச்சர்?"

அவள் சொன்னது தீயணைப்புத் தெளிப்பான், அதாவது ஸ்பிரிங்க்ளர். கூரைக் குழாயில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். அதன் வாயை ஓர் அடைப்பு மூடியிருக்கும். அடைப்பைத் தாங்குவது திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ். சிவப்புக் குமிழ் என்றால் சுமார் 68 டிகிரி செல்சியஸில் திரவம் விரிந்து குமிழ் வெடிக்கும், தண்ணீர் கொட்டும். ஏணி இடித்தாலும் குமிழ் உடையும், விளைவு ஒன்றுதான்.

"அப்போ கருவாடு வறுத்தா?" என்றான் ஒருவன். கொட்டாது. குமிழுக்குப் புகை தெரியாது, வெப்பம் மட்டுமே தெரியும். சினிமாவில் காட்டுவதுபோல எல்லாத் தெளிப்பான்களும் ஒன்றாகத் திறப்பதும் இல்லை. எந்தக் குமிழ் சூடேறுகிறதோ அது மட்டுமே திறக்கும்.

ஆனால் அந்த ஒன்றிலிருந்தே நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் வரலாம். 15 லிட்டர் குடத்தில் ஐந்து குடத்துக்கும் மேல். பத்து நிமிடம் தாமதித்தால் வீட்டுச் சாமான்கள் என்னவாகும் என்று மாணவர்களே கணக்கிட்டார்கள்.

சென்னைக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரிடம் சொல்லும்படி வகுப்பில் எழுதியவை:

• தெளிப்பானில் துணி, தோரணம், கயிறு எதையும் தொங்கவிடக் கூடாது.
• ஏணி, கம்பு, பந்து படாமல் பார்க்க வேண்டும்.
• அதன்மேல் பெயின்ட் பூசக் கூடாது. பூசினால் தீ பிடிக்கும்போது திறக்காமல் போகலாம்.
• கடலோரக் கட்டடங்களில் உப்புக் காற்றால் துரு ஏறும். கசிவு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.
• வேலை தொடங்குமுன் வால்வு எங்கே, மூடும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீருக்குப் பயந்து வால்வை நிரந்தரமாக மூடி வைப்பதுதான் பெரிய தவறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். நனைந்த சாமானைக் காய வைக்கலாம். தீயில் போன உயிரை மீட்க முடியாது.

இதை வகுப்பில் காட்டத் தீ வேண்டாம். சிறு பாட்டிலில் வண்ணநீர் நிரப்பி, மூடியில் உறிஞ்சுகுழல் செருகி இறுக்கி, வெந்நீரில் வையுங்கள். நீர் குழலில் ஏறுவதைப் பார்த்ததும் குமிழ் ஏன் வெடிக்கிறது என்று மாணவர்களே சொல்வார்கள்.