ஹெரால்டு தூங்கப் போகுது, சத்தம் போடாதீங்க!

ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது. குனிந்து உள்ளே வாங்க! வெளியே ஒரகடம் வழியாகப் போகும் வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள டிரெய்லர்களும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. உள்ளே, தகர ஷெட்டில், ஓடாமல் இருப்பதற்காக ஒரு கார் தயாராகிக்கொண்டிருக்கிறது. நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு! உரிமையாளர் வெளிநாடு போகிறார். இரண்டு வருடத்துக்கு வண்டி ஓடாது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் வாசனை அடித்ததே 1998-இல் இருங்காட்டுக்கோட்டை சான்ட்ரோ வந்த பிறகுதான் என்று நினைப்போம். அதுக்கெல்லாம் அண்ணன் இது. இதே வாலாஜாபாத் சாலை தொடங்குகிற வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லேயே ஹெரால்டு செய்ய ஆரம்பித்துவிட்டது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலாட்டி. அங்கே அது இரண்டு கதவு வண்டி. நாலு கதவு வைத்தது நம்ம ஆட்கள்!

"பானட்டைத் தூக்கட்டுமா சார்?" என்கிறார் மெக்கானிக் அண்ணன். ஐயோ, இதைப் பார்க்கத்தானே வந்தோம்! மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்கிறது. 948 சிசி இன்ஜின் நாலாபுறமும் திறந்து கிடக்கிறது. உதவிக்கு இருக்கும் பையன் முன் டயர் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து ஸ்பேனரை எடுக்கிறான். எந்தப் புதுக் காரில் இப்படி உட்கார முடியும்?

இனி நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் எதிரி ஒன்றுதான்: ஈரம். ஏரிகள் நிறைந்த ஊர், வடகிழக்குப் பருவமழை வேறு நெருங்குகிறது.

முதலில் ஆயில். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, பழைய ஆயிலைச் சூட்டோடு இறக்குகிறார்கள். ஓடின ஆயிலில் தண்ணீரும் அமிலமும் சேர்ந்திருக்கும். அப்படியே விட்டால் பேரிங்கை அரிக்கும். அதனால் புது ஆயில் ஊற்றுகிறார்கள். அடுத்து பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பிறகென்ன, துருதான். அதனால் டேங்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிடுகிறார்கள். இருமி, குலுங்கி, தானே அணைகிறது. பையன் கைதட்டுகிறான்!

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில். இன்ஜினைக் கையால் நாலு சுற்று சுற்றியதும் உள்சுவர் முழுக்க எண்ணெய்ப் பூச்சு. பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும்; அதுவும் புதுசு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்கவே கூடாது, லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டைதான். கிளட்ச் பிளேட்டும் துருவில் ஒட்டும் என்பதால் பெடலை அமுக்கி, சீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு ரீப்பர் துண்டு முட்டுக் கொடுக்கிறார் அண்ணன். பேட்டரியில் எர்த் முனையை முதலில் கழற்றணும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்; பார்த்துத்தான் கை வைக்கணும்.

ஸ்டாண்டில் ஏற்றுவார்கள் என்று காத்திருந்தோம். ஜாக்கி போட்டதும் பின்சக்கரங்கள் தொட்டில் குழந்தை கால் மாதிரி உள்ளே மடங்கின! ஹெரால்டில் இரண்டும் தனித்தனியாக ஆடும் அமைப்பு. "மாசக்கணக்கா இப்படித் தொங்கவிட்டா ஸ்பிரிங்குக்கு நல்லதில்ல" என்று இறக்கிவிட்டார். டயருக்குக் கூடுதல் காற்று, அடியில் மரப்பலகை, மாதம் ஒருமுறை கால் சுற்று உருட்டல். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும்.

எலிக்கு என்ன வழி? பாத்திரம் தேய்க்கிற கம்பி நார்! சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனர் வாயிலும் திணிக்கிறான் பையன். மேலே தார்ப்பாய் போடுவதில்லை, உள்ளே வேர்த்துப்போகும். பருத்தித் துணி உறைதான், காற்று போய்வரும்.

முடிந்ததா? இல்லை. கடைசி வேலைக்கு அண்ணன் கேட்டது ஒரு அட்டையும் மார்க்கர் பேனாவும். 'சைலன்சரிலும் ஏர் கிளீனரிலும் கம்பி நார். கிளட்சில் கட்டை. டேங்க் காலி. பிளக் கையால் முடுக்கியது.' எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டார்.

"எழுப்பறப்போ நான் இருப்பேனான்னு தெரியாது சார். எவனாவது ஆசையா வந்து சாவியைப் போட்டுட்டான்னா, நாம பண்ணின அத்தனையும் போச்சு."